ஒரே சோறு, பல சித்திரான்னம்: வீட்டிலேயே ஒரு ஜாஸ் காதல் பாட்டைப் பதிவு செய்வது எப்படி?

ஆடிப் பதினெட்டன்று திருவையாற்றுப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். காவிரியைக் கும்பிட்டுவிட்டு ஒவ்வொரு குடும்பமும் தூக்குச்சட்டியைத் திறக்கும். ஒன்றில் புளியோதரை, ஒன்றில் எலுமிச்சைச் சாதம், இன்னொன்றில் தேங்காய்ச் சாதம், எள்ளுச் சாதம், கடைசியில் தயிர்சாதம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வெள்ளைச் சோறு. ஆனாலும் பக்கத்து வீட்டுப் புளியோதரையை ஒரு வாய் வாங்கிப் போட்டதுமே, இது நம் அம்மா கைப்பக்குவம் இல்லை என்று நாக்கு சொல்லிவிடும்.

பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டை நம் குரலில் பாடிப் பதிவு செய்வதைக் 'கவர்' என்கிறார்கள். அதற்கு இந்தச் சித்திரான்னத்தைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. மெட்டுதான் சோறு. அது குழையக் கூடாது, அடிப்பிடிக்கவும் கூடாது. தாளிப்பு நம்முடையது.

என் பெற்றோருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது, அப்பா இளவயதில் கேட்டு மயங்கிய ஓர் ஆங்கிலக் காதல் பாட்டை என் குரலில் பதிவு செய்து இருவருக்கும் கொடுக்க ஆசைப்பட்டேன். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு, ஒரு கிதார், ஒரு மைக், ஒரு பழைய மடிக்கணினி. கையில் இருந்தது அவ்வளவுதான். அதற்குள் நான் கற்றுக்கொண்டதைச் சமையல் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அரிசி: பாட்டின் கதை

நான் எடுத்துக்கொண்ட பாட்டு 'ஃப்ளை மீ டு தி மூன்' ('என்னை நிலவுக்குப் பறக்கவை'). பார்ட் ஹோவர்ட் என்ற அமெரிக்கர் 1954இல் எழுதி மெட்டமைத்தது. அப்போது அதன் பெயர் 'இன் அதர் வேர்ட்ஸ்', அதாவது 'வேறு சொற்களில் சொன்னால்'. அதே ஆண்டு கே பல்லார்ட் என்ற பாடகி முதலில் பதிவு செய்தார். அன்று அது மூன்று எண்ணிக்கையில் ஊஞ்சல்போல் அசையும் வால்ட்ஸ் பாட்டு.

அதன்பிறகு அது பல அடுப்புகளுக்குப் போனது. 1962இல் ஜோ ஹார்னெல் பிரேசில் நாட்டு போஸா நோவா நடையில் வாசித்தார். 1964இல் ஃபிராங்க் சினாட்ரா, கவுன்ட் பேஸியின் இசைக்குழுவோடு பாடினார். குவின்சி ஜோன்ஸ் அதற்கு இசை ஒழுங்கு செய்தார். மூன்று எண்ணிக்கைப் பாட்டு அங்கே நான்கு எண்ணிக்கைப் பாட்டாகியது. நம் கணக்கில் சொன்னால் திஸ்ரத்தில் பிறந்த பாட்டு சதுஸ்ரத்தில் மறுபிறவி எடுத்தது. உலகம் இன்று முணுமுணுப்பது இந்தப் பிறவியைத்தான். 1969இல் நிலவைச் சுற்றிவரப் போன அப்போலோ 10 விண்கலத்திலும் அது ஒலிநாடாவில் ஒலித்தது. 1995இல் 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய அசைபடத் தொடரின் முடிவுப் பாட்டாகவும் வந்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பலரும் எடுத்துப் பாடும் பாட்டைத்தான் ஜாஸ் உலகம் 'ஸ்டாண்டர்ட்' என்கிறது.

சினாட்ரா பாடிய அதே 1964இல்தான் 'புதிய பறவை' வெளிவந்தது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' வழியாக மேல்நாட்டு கிளப் இசையின் வாசனை நம் காதுக்குப் பழகிவிட்டது. 1997இல் வந்த 'இருவர்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஆஷா போஸ்லே பாடிய 'வெண்ணிலா வெண்ணிலா' நேராகவே ஜாஸ் நடை. ஆகவே இந்த ருசி நமக்கு அந்நியம் என்று யாரும் தயங்க வேண்டாம்.

இந்த ஊர் ஏற்கெனவே சமைத்தது

தயங்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1775இல் திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீட்சிதர், இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் தங்கியிருந்த காலத்தில், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளை எடுத்து அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதான். பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் மெட்டு அவர் கையில் 'ஸந்ததம் பாஹிமாம்' ஆனது. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதே வாத்தியத்தில் பெரும்புகழ் பெற்றார். அந்நாளில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேல்நாட்டு வாத்தியக் குழு ஒன்றையே வைத்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த பண்டத்தை இந்த ஊர் விரட்டவும் இல்லை, அப்படியே நகல் எடுக்கவும் இல்லை. தன் பாத்திரத்தில் போட்டுச் சமைத்தது. நோட்டு ஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரண அளவில் அமைந்தவை, கமகம் என்ற அசைவு இல்லாமல் நேர் ஸ்வரங்களில் நடப்பவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நிலாப் பாட்டுக்கும் இது உதவும்.

அரிசியைக் களைந்து பார்த்தல்: மெட்டும் கார்டும்

உலையில் போடும் முன் அரிசியைக் களைந்து, கல் பொறுக்கி, இது புத்தரிசியா பழசா என்று பார்ப்போம். பாட்டையும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'ஃப்ளை மீ டு தி மூன்' மொத்தம் 32 பார்கள் (இங்கே நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார்). மெட்டு மேல் ஸட்ஜத்தில் தொடங்கிச் சங்கராபரணத்தின் அவரோகணம்போலப் படிப்படியாக இறங்குகிறது. கொஞ்சம் ஏறி, மறுபடி இரண்டு படி கீழிருந்து அதே இறக்கம். தீட்சிதரின் நோட்டு ஸ்வரம் பாடிய குழந்தைக்கு இது முன்பே பழகிய தெரு.

மெட்டுக்கு அடியில் 'கார்ட்' ஓடுகிறது. மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதுதான் கார்ட். ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடி ஸ்வரம் உண்டு. முதல் எட்டு பார்களில் அந்த அடி ஸ்வரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: த, ரி, ப, ஸ, ம, நி, க, மீண்டும் த. சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களும் ஆளுக்கு ஒருமுறை வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகின்றன. கோயில் பிராகாரத்தைச் சுற்றிவந்து அதே வாசலில் நிற்பதுபோல. இந்தப் பாட்டைக் கேட்கும்போது மனம் எங்கோ போய்வந்த நிறைவு பெறுவதற்கு இந்தச் சுற்றுதான் காரணம்.

ஏழாவது பாரில் மட்டும் ஒரு மாற்றம். காந்தாரத்தை அடியாகக் கொண்ட அந்தக் கார்டுக்குள் சங்கராபரணத்துக்குச் சொந்தமில்லாத சுத்த தைவதம் ஒளிந்திருக்கிறது. புளிக்காய்ச்சல் இறக்கும் நேரத்தில் ஒரு துண்டு வெல்லம் போடுவோமே, அந்த வேலையை இது செய்கிறது. வெல்லம் தனியாகத் தெரியாது. அது இல்லாவிட்டால் புளி மட்டும் தெரியும். இந்த ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டுக் கிதார் வாசித்தால் பாட்டின் ஏக்கம் போய்விடும்.

உலை: சுருதி

பிறர் பாடிய சுருதியிலேயே பாடுவதுதான் புதிதாகப் பதிவு செய்பவர்கள் முதலில் செய்யும் பிழை. பத்துப் பேர் உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டால் கஞ்சிதான் மிஞ்சும். பாத்திரம் நம் அளவுக்கு இருக்க வேண்டும்.

சினாட்ராவின் ஸட்ஜம் நம் கணக்கில் ஒரு கட்டை. எனக்கு அது ஒத்துவராது. ஐந்து கட்டைக்கு மாற்றினேன். உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரத்தை, தூங்கும் குழந்தை விழித்துவிடாத அளவுக்கு மெதுவாகப் பாடிப் பாருங்கள். மூச்சு இறுகாமல் வந்தால் அதுதான் உங்கள் உலை.

மெதுவாக என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1925இல் மின்சார மைக் வழியான பதிவு வரும்வரை பாடகர்கள் ஒரு கொம்புக்குழாயை நோக்கி உரத்துப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்தபிறகுதான் காதருகே பேசுவதுபோலப் பாடும் பழக்கம் பிறந்தது. ஜாஸ் காதல் பாட்டின் நெருக்கம் அந்தப் பழக்கத்தின் பிள்ளை. மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய குரலை இங்கே ஒரே ஒருவருக்குப் பாடும் குரலாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

பதம்: காலமும் நடையும்

சினாட்ராவின் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 120 தட்டு வேகம். நான் அதையே வைத்துப் பழகினேன். பாட்டு ஓடியது, நான் அதன் பின்னால் ஓடினேன். இரண்டு வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் மத்தியானம் அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சலக், சலக் என்று அந்த ஓசை ஒரே சீராக வந்தது. ஜாஸ் டிரம்ஸில் கம்பித் தூரிகையால் தோலை வருடி வாசிப்பார்கள். அதே ஓசை. அரிசி மேலே எழும்போது ஒரு சத்தம், முறத்தில் விழும்போது ஒரு சத்தம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

ஜாஸில் 'ஸ்விங்' என்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். ஒரு தட்டைச் சரிபாதியாக வெட்டாமல் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு பங்கை ஒரு ஸ்வரத்துக்கும் கடைசிப் பங்கை அடுத்ததற்கும் கொடுப்பார்கள். 'தகிட' என்று சொல்லிக்கொண்டே நடுவில் உள்ள 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிடுங்கள். 'த…ட, த…ட' என்று வருகிறதா? அதுதான் ஸ்விங். மெதுவான பாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு அதிகம் தெரியும், வேகம் கூடக்கூட ஸ்வரங்கள் சமத்தை நெருங்கும்.

"அம்மா, அப்படியே புடைச்சுண்டிரு, நிறுத்தாதே" என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இதுல என்னடி பாட்டு இருக்கு?" என்றாள். ஆனால் நிறுத்தவில்லை.

அளந்து பார்த்தால் நிமிடத்துக்கு 96. பாட்டை 96க்கு இறக்கினேன். அந்த நொடியில் அது சினாட்ராவின் பாட்டாக இருப்பதை விட்டு எங்கள் வீட்டுப் பாட்டாயிற்று. நீங்கள் பதிவு செய்யும்போதும் காலத்தைக் கணினியிடம் கேட்கும் முன் உங்கள் வீட்டிடம் கேளுங்கள். நீங்கள் நடக்கும் வேகம், தொட்டில் ஆடும் வேகம், அம்மி அரைபடும் வேகம், எதில் பாட்டு இயல்பாக உட்காருகிறது என்று பாருங்கள்.

அடுப்படி: அறையும் மைக்கும்

நல்ல மைக் வாங்க அலைகிறவர்கள் அறையைப் பற்றி யோசிப்பதில்லை. புகை அடிக்கும் அடுப்படியில் எந்தப் பாத்திரத்தில் சமைத்தாலும் சோற்றில் புகை நாறும். வெறும் சுவர் உள்ள அறையில் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். 'டர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். அந்த எதிரொலி பதிவில் கலந்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது மோரிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது போல.

காவிரி டெல்டா வீட்டில் இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. அறுவடை முடிந்து அடுக்கிய நெல் மூட்டைகள் ஒலியை நன்றாக விழுங்கும். நான் பாடியது மூட்டை அடுக்கிய அறையில். முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தேன். மூட்டை இல்லாதவர்கள் புடவை நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பாடலாம்.

அடுத்தது நேரம். விடியலில் கோயில் ஒலிபெருக்கி, பகலில் பம்புசெட், மழை பெய்த இரவில் தவளை. எங்கள் ஊரில் எனக்கு அமைதி கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்குப்பின் இரண்டிலிருந்து நான்குவரை. மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்க்கும். தாங்கிக்கொள்ள வேண்டும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் போதும். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும். சுற்றுச் சத்தம் அப்படியே இருக்கும். ஆகவே நெருங்கிப் பாடினால் சத்தமும் எதிரொலியும் தானாகவே பின்னுக்குப் போகும். மிகவும் நெருங்கினால் கீழ் ஒலிகள் வீங்கி அடித்தொண்டையில் பேசுவதுபோல் கேட்கும். ஒருபக்கமாகக் கேட்கும் மைக்குகளின் குணம் அது. 'ப', 'ட' போன்ற வெடிப்பெழுத்துகளின் காற்று நேராகப் படாமல் இருக்க, மைக்குக்கு முன்னால் மெல்லிய துணி கட்டிய வளையம் ஒன்று வைக்க வேண்டும். எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துணியை இறுக்கிக் கட்டி நானே செய்துகொண்டேன். கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும். ஈரப்பதம் அதற்கு ஆகாது. நம் ஊர் ஐப்பசி மழையில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைப்பது நல்லது.

வேகவைத்தல்: பதிவு

மைக் ஒலியை மின்சாரமாக்குகிறது. மைக்கையும் கணினியையும் இணைக்கும் இடைமுகக் கருவி அந்த மின்சாரத்தை எண்களாக்குகிறது. நொடிக்கு 48,000 முறை அளந்து ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. குறுந்தகட்டில் இது 44,100 முறை. எண்ணின் நுணுக்கத்தை 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் தாராளமாக இடம் உண்டு.

அதனால் ஒலியளவை விளிம்புவரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. பானையில் உலை கொதிக்க இடம் விட்டுத்தானே தண்ணீர் வைக்கிறோம்? அதுபோல உச்ச அளவு −12 டெசிபெல் அருகில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி வெட்டுப்பட்டு நரநரக்கும். அடிப்பிடித்த சோற்றை எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது.

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முழுப் பாட்டையும் பாடும் முன் நான்கு வரி மட்டும் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். அதில் இருக்கும் குறை முழுப் பாட்டிலும் இருக்கும்.

விருந்துச் சமையலில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட மாட்டோம். பதிவிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனித் தடம். நான் முதலில் அம்மாவின் முறத்தை வைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டே கிதார் கார்டுகள். பிறகு கிதாரின் தடித்த தந்திகளில், பாருக்கு நான்கு ஸ்வரமாக, நடந்துபோவது போன்ற அடியோட்டம். ஜாஸில் இதை 'வாக்கிங் பேஸ்' என்பார்கள். கடைசியில் குரல். கணினியின் 'டிக் டிக்' எண்ணிக்கையை நான் பயன்படுத்தவில்லை. முறத்தின் காலம் அங்கங்கே மயிரிழை முன்பின் போனது. மற்ற வாத்தியங்கள் அதைப் பின்தொடர்ந்ததால் பாட்டுக்கு மூச்சு இருந்தது.

ஹெட்போன் மூடியதாக இருக்கட்டும். இல்லையென்றால் அதிலிருந்து கசியும் கிதார் குரல் தடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே இவ்வளவுக்கும் போதும்.

தாளிப்பு: பாடும் விதம்

இனி நம் கைப்பக்குவம். இங்கே இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம் சினாட்ராவின் உச்சரிப்பையும் இழுப்பையும் அப்படியே நகலெடுப்பது. மறுபக்கம், நமக்குத் தெரிந்த பிருகாவையும் கமகத்தையும் எல்லா இடத்திலும் கொட்டுவது. நோட்டு ஸ்வரத்தைத் தீட்சிதர் நேர் ஸ்வரத்தில் விட்டதற்குக் காரணம் உண்டு. அந்த மெட்டின் அழகு அதன் நேர்மையில் இருக்கிறது. இந்தப் பாட்டும் அப்படியே. முதல் சுற்றை நேராகப் பாடினேன். இரண்டாம் சுற்றில், வரியின் முடிவில் மட்டும் ஓர் இடத்தில் ஸ்வரத்தை வழுக்கவிடும் சிறு ஜாரு. அது போதும் என்று காது சொன்னது.

காலத்தில்தான் அதிகம் விளையாட இடம் உண்டு. ஜாஸ் பாடகர்கள் தட்டின்மேல் சரியாக விழாமல் கொஞ்சம் தாமதித்து எடுப்பார்கள், சில இடத்தில் முந்திக்கொள்வார்கள். அனாகதமும் அதீதமும் பழகிய நமக்கு இது புரியும். ஆனால் நம் எடுப்பு கணக்கில் நிற்கும். இவர்களுடையது பேச்சில் நிற்கும். வரியை முதலில் மெட்டில்லாமல் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எங்கே தயங்குகிறதோ அங்கே பாட்டிலும் தயங்குங்கள். அதே மனிதர் அதே வரியை இன்னொருவரிடம் சொன்னால் தயக்கம் வேறு இடத்தில் விழும். இதை யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது.

நான்கைந்து முறை முழுதாகப் பாடிவிட்டு நிறுத்துங்கள். ஐம்பது முறை பாடினால் சுருதி சுத்தமாகும், சொல் செத்துப்போகும்.

கலப்பது: ஒவ்வொன்றும் தன் இடத்தில்

தலைவாழை இலையில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் ஓரிடம், கூட்டுக்கும் பொரியலுக்கும் ஓரிடம், நடுவில் சோறு. மிக்ஸிங் என்ற வேலையின் சாரம் இந்த இலைதான். குரல் நடுவில். கிதார் சற்று இடப்பக்கம், முறம் சற்று வலப்பக்கம். அடியோட்டம் குரலுக்குக் கீழே நடுவிலேயே. எல்லாம் நடுவில் குவிந்தால் எதன் ருசியும் தெரியாது.

அடுத்து, களைதல். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். அங்கே இருப்பது லாரி உறுமலும் மைக் தண்டின் அதிர்வும்தான். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அதிகமானால் ஒலி மந்தமாகும். அங்கே சிறிது குறைத்தாலே சொற்கள் தெளியும். எதையும் கூட்டும் முன் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

கம்ப்ரஸர் என்ற கருவியைப் பலரும் பெரிய மர்மமாக நினைக்கிறார்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். பொங்கிவரும்போது தணிக்கிறீர்கள், இறங்கியதும் மறுபடி ஏற்றுகிறீர்கள். கம்ப்ரஸர் செய்வதும் அதையே. எந்த உயரத்தில் கைவைப்பது, எவ்வளவு தணிப்பது, எத்தனை வேகத்தில் தணிப்பது, எப்போது விடுவது என்று நான்கு அளவுகள். 3:1 என்று வைத்தால், எல்லையை 6 டெசிபெல் தாண்டும் ஒலி 2 டெசிபெல் மட்டுமே தாண்டும். மெல்லிய சொல்லும் உரத்த சொல்லும் நெருங்கி நிற்கும். மிஞ்சினால் மூச்சு முட்டிய பாட்டாகிவிடும்.

கடைசியில் ரிவர்ப் என்ற செயற்கை எதிரொலி. இது பெருங்காயம். இல்லாவிட்டால் ஏதோ குறையும், கூடினால் அது மட்டுமே வீசும். கேட்கிறது என்று தெரியும் அளவுக்கு ஏற்றிவிட்டு, தெரியாத அளவுக்குக் கொஞ்சம் இறக்குங்கள்.

ஆறவிட்டுப் பரிமாறுதல்

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். கலந்து முடித்த பாட்டை அன்றே வெளியே விடாதீர்கள். புளியோதரை மறுநாள்தான் ஊறும். காதும் ஓர் இரவு ஆற வேண்டும். மறுநாள் காலையில் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில், காரில், ஹெட்போனில் என்று மூன்று இடத்தில் கேளுங்கள். மூன்றிலும் சொற்கள் புரிந்தால் பாட்டு தேறிவிட்டது.

இறுதி ஒலியளவை ஏற்றுவதில் போட்டி வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பொதுவாகப் பாட்டுகளைச் சுமார் −14 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. நாம் உரக்க வைத்தாலும் அங்கே குறைத்துவிடுவார்கள். உச்சம் −1 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

அரிசி யாருடையது?

தாளிப்பு நம்முடையது என்றாலும் அரிசி விளைவித்தவருக்குக் கூலி உண்டு. இந்தியச் சட்டப்படி ஒரு பாட்டின் உரிமை அதை ஆக்கியவர் மறைந்தபிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பார்ட் ஹோவர்ட் மறைந்தது 2004இல். ஆகவே நம் நாட்டில் இந்தப் பாட்டுக்கு 2064 முடியும்வரை உரிமையாளர் உண்டு.

வீட்டுக்குள் சொந்த மகிழ்ச்சிக்குப் பாடி வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. வெளியிடும்போதுதான் அனுமதியும் கட்டணமும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தால் வந்த 31சி பிரிவு கவர் பாட்டுகளுக்கென்றே உள்ளது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டியும் தர வேண்டும். பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவைப்படாத மாற்றத்தைப் பாட்டில் செய்யக் கூடாது. இது கவர் பதிவு என்று மேலட்டையில் சொல்ல வேண்டும். இது பெரிய நிறுவனங்களுக்கு ஏற்ற வழி. வீட்டுப் பாடகர்கள் இணையத்தில் ஏற்றும் முன், அந்தத் தளமோ பாட்டை விநியோகிக்கும் சேவையோ பதிப்பாளரிடம் உரிமம் பெற்றுத் தருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறொருவர் செய்த கரோக்கி இசையை எடுத்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மெட்டை ஆக்கியவர் பெயரைச் சொல்வது சட்டத்துக்கு மட்டும் உரியதில்லை, அது உண்ட வீட்டுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு வாய்ச் சோறு

திருக்கடையூரிலிருந்து திரும்பிய அன்று இரவு மொட்டைமாடியில் பாய் விரித்து எல்லோரும் நிலாச்சோறு சாப்பிட்டோம். சின்னக் கிண்ணத்திலிருந்து உருட்டி உருட்டி அம்மாதான் எல்லோர் கையிலும் வைத்தாள். அப்போது பாட்டை ஒலிக்கவிட்டேன். குரல் வருவதற்குமுன் நான்கு பார்கள் முறம் மட்டும் ஒலிக்கும். அப்பா ஆங்கிலப் பாட்டை எதிர்பார்த்து அண்ணாந்து நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஓசை கேட்டதும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

என் பதிவில் குறைகள் உண்டு. இரண்டாம் சுற்றில் ஒரு பஞ்சமம் இறங்கியிருக்கிறது, ஓரிடத்தில் தூரத்து பம்புசெட் கேட்கிறது. ஆனால் அந்த முறத்தின் ஓசை உலகில் உள்ள வேறு எந்த 'ஃப்ளை மீ டு தி மூன்' பதிவிலும் இல்லை. ஒரு பாட்டை மறுபடி பாடுவதற்கு அவ்வளவு காரணம் போதும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஓசை இருக்கும். இந்த வாரம் ஒரு மத்தியானம் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். பதிவு செய்யும் பொத்தானை அதன்பிறகு அழுத்துங்கள்.